சீனாவில் 15 ஆண்டு பூட்டிக் கிடந்த விளையாட்டுப் பெட்டி

2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ந் தேதி. செவ்வாய்க்கிழமை.

சீனாவில் அன்று வேலை நாள்தான். ஆனால் பல ஆபீசுகளில் வாலிபர்களுக்கு வேலையில் மனம் செல்லவில்லை. எல்லோரும் மணி 10 ஆகட்டும் என்று காத்திருந்தார்கள். சில சிறு கம்பெனிகள், எப்படியும் வேலை நடக்கப் போவதில்லை என்று தெரிந்துகொண்டு, லீவே விட்டுவிட்டன.

பண்டிகையா? இல்லை. பெரிய பந்தயமா? அதுவும் இல்லை.

ஒரு குரங்கு வருகிறது! அதற்குத்தான் இத்தனை ஆரவாரம்.

"பிளாக் மித் வூகோங்" என்பது ஒரு வீடியோ விளையாட்டின் பெயர். சீனக் குழந்தைகள் பாட்டியிடம் கேட்டு வளரும் குரங்கு ராஜாவின் கதை அது. அந்த விளையாட்டு அன்று காலை விற்பனைக்கு வந்தது. மூன்றே நாளில் ஒரு கோடி பிரதிகள் விற்றன. ஒரே சமயத்தில் 24 லட்சம் பேர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதை ஆடினார்கள்.

இதைப் பற்றி அப்பொழுதே உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. நாம் இங்கே பார்க்கப் போவது வேறு ஒரு சங்கதி.

இந்த விளையாட்டைக் கம்ப்யூட்டரிலும் ஆடலாம். டெலிவிஷனில் மாட்டும் "கன்சோல்" என்ற பெட்டியிலும் ஆடலாம். சீன வாலிபர்கள் பிறந்தது முதல் கம்ப்யூட்டரிலேயே ஆடிப் பழகியவர்கள். "பெட்டியா? அது ஜப்பான்காரர்களும் அமெரிக்கர்களும் ஆடுவது" என்று ஒதுக்கி வைத்திருந்தவர்கள். அப்படிப்பட்டவர்களில் பலர் கடைக்குப் போய்ப் பெட்டி வாங்கி வந்து, டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தார்கள்.

இருபது ஆண்டுப் பழக்கம் எப்படி மாறியது? முதலில், அந்தப் பழக்கம் எப்படி வந்தது?

அதற்குப் பின்னால் ஒரு சர்க்கார் உத்தரவு இருக்கிறது. 25 உயிர்களும் இருக்கின்றன.

பெட்டி என்றால் என்ன?

வீட்டில் வீடியோ விளையாட்டு இல்லாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுவோம். இருக்கிறவர்கள் நாலு பாராவைத் தாண்டிப் போகலாம்.

கம்ப்யூட்டர் பல வேலை செய்யும். அதில் கணக்கு எழுதலாம், கடிதம் அடிக்கலாம், சினிமா பார்க்கலாம், விளையாடவும் செய்யலாம். கன்சோல் பெட்டி அப்படி அல்ல. விளையாட்டுக்கென்றே செய்தது. சமையல் அறையில் அரிவாள்மனை எல்லாக் காயையும் நறுக்கும். தேங்காய்த் துருவியால் தேங்காய் மட்டும்தான் துருவலாம். ஆனால் தேங்காய் துருவ அதற்கு இணை உண்டா? கன்சோலும் ஏறக்குறைய அப்படித்தான்.

பெட்டியை டெலிவிஷனோடு மாட்ட வேண்டும். இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி ஒரு கைப்பிடி இருக்கும். அதில் பொத்தான்கள் உண்டு. சோபாவில் சாய்ந்துகொண்டு ஆடலாம். இரண்டு கைப்பிடி இருந்தால் இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம்.

இன்னொரு வித்தியாசம் உண்டு. அதுதான் முக்கியம். கம்ப்யூட்டரில் நல்ல விளையாட்டு ஓட வேண்டுமானால் "கிராபிக்ஸ் கார்டு" என்ற ஒரு பலகை வேண்டும். படத்தை அழகாகக் காட்டுவது அதன் வேலை. விலை அதிகம். சில ஆண்டுகளில் புது விளையாட்டு வரும். பழைய பலகையால் அதை இழுக்க முடியாது. புதிது வாங்க வேண்டும். கன்சோலில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு பெயரில் வரும் பெட்டி எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது ஒரே சாமான். விளையாட்டைத் தயாரிப்பவர் அந்தச் சாமானை அளந்து பார்த்து, அதற்குத் தகுந்தபடி தைத்துக் கொடுத்துவிடுகிறார். ஆறு, ஏழு ஆண்டுகளுக்குப் பெட்டியைத் திறக்க வேண்டியதே இல்லை.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். பெட்டியை அவர்கள் பல சமயம் லாபம் வைக்காமலே விற்கிறார்கள். சில சமயம் நஷ்டத்துக்கும் விற்பது உண்டு. பிறகு, அதில் ஓடும் ஒவ்வொரு விளையாட்டின் விலையிலும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். தூண்டில் மலிவு, மீன்தான் பணம்.

"படிப்பு மெஷின்" தந்திரம்

சீனாவில் இந்தப் பெட்டி இல்லாமலே இருந்ததா? இல்லை.

1990-களின் ஆரம்பத்தில் அங்கே "சியாவ்பாவாங்" என்று ஒரு மெஷின் வீடு வீடாக விற்றது. "குட்டிச் சர்வாதிகாரி" என்று அந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்லலாம். ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி செய்த டி.வி. கேம் பெட்டியின் நகல் அது. ஆனால் நேராக "விளையாட்டுப் பெட்டி" என்று விற்றால் எந்தத் தகப்பன் வாங்குவான்? அதனால் ஒரு டைப்ரைட்டர் பலகையை அதோடு சேர்த்தார்கள். "படிப்பு மெஷின்" என்று பெயர் வைத்தார்கள். சண்டை நடிகர் ஜாக்கி சானை விளம்பரத்துக்குப் பிடித்தார்கள்.

பையன் டைப் அடிக்கப் பழகுகிறான் என்று அப்பா நினைத்தார். அவர் வெளியே போனதும் பையன் கேசட்டை மாற்றினான்!

நம் ஊரிலும் 1990-களில் இதே மாதிரி டி.வி. கேம் பெட்டிகள் வந்தன. ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான விளையாட்டு என்று எழுதியிருக்கும். உள்ளே பத்துப் பன்னிரண்டுதான் திரும்பத் திரும்ப வரும். அந்த ஏமாற்றம் நாற்பது வயதுக்காரர்கள் பலருக்கு இன்னும் நினைவு இருக்கும்.

சீனாவில் அந்தப் "படிப்பு மெஷின்" கம்பெனியை நடத்தியவர் துவான் யோங்பிங். 1995-ல் அதை விட்டு விலகி "பி.பி.கே." என்ற சொந்தக் கம்பெனி தொடங்கினார். அந்தக் கம்பெனியின் கிளைகளாகப் பிறந்தவைதான் ஒப்போ, விவோ. இன்று நம் பட்டிதொட்டி எல்லாம் அந்தப் போன்கள் இருக்கின்றன. பெற்றோரை ஏமாற்றிய ஒரு விளையாட்டு மெஷினிலிருந்து அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, பாருங்கள்!

2000-ம் ஆண்டு உத்தரவு

பையன்கள் படிப்பதில்லை என்ற புகார் பெருகியது. ஊருக்கு ஊர் "ஆர்கேட்" என்ற விளையாட்டுக் கூடங்கள் முளைத்திருந்தன. அங்கே சூதாட்டமும் நடந்தது. விளையாட்டை "எலக்ட்ரானிக் ஹெராயின்" என்று பத்திரிகைகள் எழுதின. அபினால் அவதிப்பட்ட நாடு அது. போதை என்ற வார்த்தையைக் கேட்டாலே அங்கே பயம் அதிகம்.

2000-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் சர்க்கார் உத்தரவு வந்தது. ஏழு இலாகாக்கள் சேர்ந்து போட்ட உத்தரவு. புதிய விளையாட்டுக் கூடங்கள் திறக்கக் கூடாது. விளையாட்டுப் பெட்டிகளைச் சீனாவுக்குள் விற்பதற்காகத் தயாரிக்கக் கூடாது, விற்கவும் கூடாது.

கவனியுங்கள். "சீனாவுக்குள் விற்பதற்காக" என்பதுதான் தடை. வெளிநாட்டுக்குச் செய்யலாம். அதன்படியே நடந்தது. சோனியின் பெட்டியையும், நின்டெண்டோவின் பெட்டியையும், மைக்ரோசாப்டின் பெட்டியையும் சீனத் தொழிலாளிகள்தான் கோடிக்கணக்கில் பூட்டி முடுக்கிக் கப்பலில் ஏற்றினார்கள். உலகத்துக் குழந்தைகள் எல்லாம் ஆடும் பெட்டியைச் செய்த கை, அதைத் தன் பிள்ளைக்கு நேர்வழியில் வாங்கிக் கொடுக்க முடியாது!

கடத்தல் வழி இருந்தது. ஹாங்காங்கிலிருந்து பெட்டிகள் திருட்டுத்தனமாக வந்தன. நகரத்தில் எந்தக் கடையில் எதைக் கேட்டால் கிடைக்கும் என்பது பையன்களுக்குத் தெரிந்திருந்தது. 2003-ல் நின்டெண்டோ ஒரு தந்திரம் செய்தது. பெட்டியே இல்லாமல், கைப்பிடிக்குள்ளேயே எல்லாவற்றையும் அடக்கி "ஐக்யூ" என்ற பெயரில் விற்றுப் பார்த்தது. அது பெரிதாக ஓடவில்லை.

கம்ப்யூட்டரை மட்டும் சர்க்கார் தடுக்கவில்லை. எப்படித் தடுக்க முடியும்? படிப்புக்கு அது வேண்டும். தொழிலுக்கு அது வேண்டும். நாடு முன்னேற அது வேண்டும்.

ஆக, ஒரு கதவு மூடியது. பக்கத்துக் கதவு அகலத் திறந்து கிடந்தது.

புகை நிறைந்த அறைகள்

அந்தக் கதவுக்குப் பெயர் "வாங்பா". இன்டர்நெட் கடை என்று சொல்லலாம். நம் ஊரில் பிரவுசிங் சென்டர் என்று இருந்ததே, அதே மாதிரி. ஆனால் அங்கே ஒவ்வொன்றிலும் ஐம்பது, நூறு கம்ப்யூட்டர்கள். மணிக்கு இரண்டு மூன்று யுவான் கொடுத்தால் போதும். இரவு முழுவதும் ஆடுவதற்குத் தனிச் சலுகை! ஒரு காலத்தில் நாடு முழுவதும் லட்சத்துக்கு மேற்பட்ட வாங்பாக்கள் இருந்தன.

உள்ளே போனால் சிகரெட் புகை. ஜன்னல் திரை போட்டிருக்கும். பகலா, இரவா என்று தெரியாது. பையன்கள் வரிசையாக உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, அங்கேயே நூடுல்ஸ் சாப்பிட்டு, அங்கேயே தூங்குவார்கள். தாய்மார்கள் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கிப் பிள்ளையைத் தேடுவார்கள்.

2002-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி, விடியும் முன், பீஜிங் நகரில் பல கல்லூரிகள் இருக்கும் பகுதியில் "லான்ஜிசு" என்ற வாங்பா தீப்பிடித்தது. லைசென்ஸ் இல்லாத கடை. ஜன்னல்களில் இரும்புக் கம்பி. கதவு பூட்டியிருந்தது. உள்ளே இருந்தவர்களால் வெளியே வர முடியவில்லை. 25 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மாணவர்கள்.

தீ வைத்தவர்கள் யார் தெரியுமா? 13 வயதும் 14 வயதும் ஆன இரண்டு சிறுவர்கள்! கடையில் நடந்த தகராறில் அவர்களை உள்ளே விடவில்லை. அந்தக் கோபத்தில் பெட்ரோல் வாங்கி வந்து கொளுத்தினார்கள்.

பீஜிங்கில் எல்லா வாங்பாக்களையும் சில காலம் மூடினார்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் உள்ளே போகக் கூடாது என்று சட்டம் வந்தது. பிறகு பழையபடி திறந்தன. இரவல் அடையாள அட்டையைக் காட்டிச் சிறுவர்கள் உள்ளே போவதும் நடந்தது.

கன்சோலைத் தடை செய்யாமல் இருந்திருந்தால் இந்தத் தீ பிடித்திருக்காது என்று நாம் சொல்ல முடியாது. அப்படிச் சொல்வது நியாயமும் அல்ல. ஆனால் ஒன்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கன்சோல் கூடத்தில் இருக்கும் பொருள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கலாம். அப்பா, "போதும், அணை" என்று சொல்லலாம். தடை வந்தபின் சிறுவர்களின் ஆட்டம் நிற்கவில்லை. ஆடும் இடம்தான் மாறியது. பெற்றோர் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போனது.

இன்னொன்றும் உண்டு. 1980 முதல் 2015 வரை சீனாவில் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரே குழந்தை என்பது சட்டம். அண்ணன் இல்லை, தம்பி இல்லை. வீட்டில் இரண்டாவது கைப்பிடியைப் பிடிக்க ஆள் இல்லை. வாங்பாவுக்குப் போனால் பக்கத்து நாற்காலியில் துணைக்கு ஒருவன் இருப்பான். பையன்கள் அங்கே ஓடியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பயந்த பெற்றோர்

பெற்றோர் பட்ட பாட்டை இங்கே சொல்லாமல் போனால் கதை பாதிதான்.

விளையாட்டுப் பைத்தியத்தைத் தெளிய வைப்பதாகச் சொல்லி முகாம்கள் தோன்றின. ராணுவப் பயிற்சி மாதிரி ஓட விடுவார்கள், அடிப்பார்கள். ஓர் ஆஸ்பத்திரியில் சிறுவர்களுக்கு மின்சார அதிர்ச்சியே கொடுத்தார்கள். 2009 ஜூலையில் சுகாதார இலாகா அதை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. அடுத்த மாதமே குவாங்சி பகுதியில் 15 வயதுப் பையன் ஒருவன், முகாமில் சேர்த்த ஓரிரு நாளில் அடிபட்டு இறந்தான். அவனைக் கொண்டுபோய் விட்டது, பணம் கட்டிச் சேர்த்தது, அவனைப் பெற்றவர்கள்தான். பிள்ளை திருந்தி வருவான் என்று நம்பி விட்டுவந்தவர்கள்.

விளையாட்டுக் கம்பெனிகளோ கொழித்தன. அவை ஒரு புது வழி கண்டுபிடித்தன. விளையாட்டு இலவசம்! உள்ளே போன பிறகு கத்தி வேண்டுமா, காசு. குதிரை வேண்டுமா, காசு. எதிராளியை ஜெயிக்க வேண்டுமா, இன்னும் காசு. இந்த விளையாட்டுகளுக்கு முடிவு கிடையாது. முடிந்துவிட்டால் காசு யார் கொடுப்பார்கள்? கம்ப்யூட்டரில் ஆரம்பித்த இந்த வித்தை பிறகு போனுக்கும் வந்தது. "ஹானர் ஆப் கிங்ஸ்" என்ற போன் விளையாட்டைக் குழந்தைகளுக்கு விஷம் என்ற தோரணையில் சர்க்கார் பத்திரிகையே 2017-ல் கண்டித்தது.

தடை நீங்கியது

2014 ஜனவரியில் ஷாங்காய் சுதந்திர வர்த்தகப் பகுதியில் மட்டும் கன்சோல் செய்து விற்கலாம் என்று அனுமதித்தார்கள். 2015 ஜூலையில் நாடு முழுவதும் தடை நீங்கியது.

மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் 2014 செப்டம்பரில் வந்தது. விலை 3,699 யுவான். அன்றைய மதிப்பில் சுமார் 37 ஆயிரம் ரூபாய். சோனியின் பிளேஸ்டேஷன் 2015 மார்ச்சில் வந்தது. கூட்டம் அலைமோதும் என்று கம்பெனிகள் நினைத்தன. அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

ஏன்? ஒவ்வொரு விளையாட்டுக்கும் சர்க்கார் அனுமதி வேண்டும். ரத்தம் தெரியக் கூடாது, பேய் பிசாசு கூடாது என்று பல கட்டுப்பாடு. கடையில் பெட்டி இருந்தது. அதில் போட்டு ஆட, விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் விளையாட்டுகள். அதற்குள் ஒரு தலைமுறையே கம்ப்யூட்டரில் வளர்ந்துவிட்டது. தடை வந்தபோது பத்து வயதாக இருந்தவனுக்கு, தடை நீங்கியபோது 25 வயது. அவன் விரல் கீ-போர்டுக்குப் பழகிவிட்டது. பெட்டியைப் பார்த்தால் அவனுக்குக் குழந்தை சாமான் மாதிரி இருந்தது.

கம்ப்யூட்டர்காரர்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அதை மறைப்பானேன்? உலகம் முழுவதுமே அப்படித்தான். சொந்தமாகக் கம்ப்யூட்டரைப் பூட்டத் தெரிந்தவன், கடையில் வாங்கிச் செருகுகிறவனைப் பார்த்துச் சிரிப்பான்.

மனம் மாறியது ஏன்?

2024-ல் அந்தப் பத்து வயதுப் பையனுக்கு 34 வயது. கல்யாணம் ஆகியிருக்கும். ஒரு குழந்தையும் இருக்கலாம். காலை ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத் திரும்புகிறான். இரவு முழுவதும் வாங்பாவில் விழித்த உடம்பு இப்பொழுது இல்லை.

வேலை இடத்தில் பகல் எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். வீட்டுக்கு வந்து மறுபடியும் அதே மாதிரி ஒரு நாற்காலி, அதே மாதிரி ஒரு கீ-போர்டு. விளையாட உட்கார்ந்தால், முதலில் ஏதாவது ஒரு புரோகிராமைப் புதுப்பிக்கச் சொல்லும். பிறகு கிராபிக்ஸ் கார்டு தகராறு. சரி செய்து முடிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும். கன்சோலில் பொத்தானை அழுத்தினால் நேற்று விட்ட இடத்தில் ஆட்டம் நிற்கிறது. அரை மணி ஆடிவிட்டு அணைக்கலாம்.

செலவுக் கணக்கும் இருக்கிறது. 2021-ல் கிராபிக்ஸ் கார்டு விலை இரண்டு பங்கு, மூன்று பங்கு ஏறியது. டிஜிட்டல் காசு "தோண்டுகிறவர்கள்" மொத்தமாக வாங்கிப் பதுக்கினார்கள். அதே ஆண்டு மே மாதம் பிளேஸ்டேஷன்-5 சீனாவில் 3,899 யுவானுக்கு வந்தது. சுமார் 44 ஆயிரம் ரூபாய். நல்ல கார்டு ஒன்று மட்டுமே அந்த விலையைத் தாண்டிய காலம் அது! மூன்று ஆண்டு கழித்துக் குரங்கு ராஜா வந்தபோது, பழைய கம்ப்யூட்டரில் அது திணறியது. முழுக் கம்ப்யூட்டரையும் மாற்றுவதா, பெட்டி ஒன்று வாங்குவதா என்று வீட்டில் கணக்குப் போட்டவர்கள் பெட்டி பக்கம் சாய்ந்தார்கள்.

ஆனால் பணத்தைவிடப் பெரிய காரணம் வேறு என்று நினைக்கிறேன்.

குரங்கு ராஜாவின் விலை 268 யுவான். சுமார் 3,100 ரூபாய். ஒரே தடவை கொடுத்தால் போதும். உள்ளே போய்க் கத்தி வாங்க வேண்டாம். ஆட்டத்துக்கு ஓர் ஆரம்பம் உண்டு. ஒரு முடிவும் உண்டு. கடைசிக் காட்சி முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்து போகலாம். இருபது ஆண்டுகளாக முடிவே இல்லாத ஆட்டங்களை ஆடியவர்களுக்கு அது புதிதாக இருந்தது. கன்சோலில் பெரும்பாலும் நெடுங்காலமாக இப்படிப்பட்ட விளையாட்டுகள்தாம். வாங்பாவில் வளர்ந்தவனுக்கு அதை யாரும் காட்டவில்லை.

இந்த விளையாட்டைச் செய்தவர்களே அந்த உலகத்திலிருந்து வந்தவர்கள்தாம். பெங் ஜி, யாங் சி என்ற இருவரும் டென்சென்ட் என்ற பெரிய கம்பெனியில் முடிவில்லாத இணைய விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். அதுவும் குரங்கு ராஜா கதைதான். பிறகு வெளியே வந்து 2014-ல் "கேம் சயன்ஸ்" என்ற சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார்கள். 2020 ஆகஸ்டு 20-ல் முன்னோட்டப் படம் வெளியிட்டார்கள். சரியாக நாலு ஆண்டு கழித்து அதே தேதியில் விளையாட்டு வந்தது.

காஞ்சிபுரம் தொடர்பு

குரங்கு ராஜாவின் கதையில் நமக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

பள்ளிக்கூடத்தில் யுவான் சுவாங் என்று படித்தோமே, அந்தப் புத்த பிட்சு 629-ல் சீனாவிலிருந்து புறப்பட்டு இந்தியா வந்தார். சுமார் 640-ல் காஞ்சிபுரம் வரை வந்து பார்த்து எழுதி வைத்தார். 645-ல் நூல்களோடு ஊர் திரும்பினார். அவருடைய யாத்திரையை வைத்துப் பிற்காலத்தில் சீனர்கள் கற்பனைக் கதை கட்டினார்கள். வழித்துணையாக ஒரு குரங்கு வீரனைச் சேர்த்தார்கள். அவன்தான் சுன் வூகோங். நம் அனுமனிடமிருந்து பிறந்தவன் அவன் என்று சொல்லும் சீன அறிஞர்கள் உண்டு. இல்லை, சீனக் கதைகளிலிருந்தே வந்தவன் என்று மறுப்பவர்களும் உண்டு.

விளையாட்டில் வரும் கோவில்களும் சிலைகளும் நிஜமானவை. 36 இடங்களைப் பார்த்து அளந்து படமாக்கினார்கள். அவற்றில் 27 இடங்கள் ஷான்சி என்ற ஒரே மாநிலத்தில் இருக்கின்றன. விளையாடியவர்கள் அந்தக் கோவில்களைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள். ஆள் நடமாட்டம் குறைவாக இருந்த மலைக் கோவில்களில் வரிசை நின்றது. விளையாடினால் பிள்ளை வெளியே போக மாட்டான் என்று பயந்த நாட்டில், விளையாடிவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினார்கள்!

இப்பொழுது நிலைமை என்ன?

இதையெல்லாம் படித்துவிட்டு, சீனா முழுவதும் பெட்டிக்கு மாறிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். குரங்கு ராஜாவையே பெரும்பாலோர் கம்ப்யூட்டரில்தான் ஆடினார்கள். 2024-ல் சீனர்கள் விளையாட்டுக்குச் செலவழித்தது சுமார் 32,578 கோடி யுவானுக்குச் சமம். இதில் கன்சோல் விளையாட்டின் பங்கு 449 கோடி. நூறு யுவானில் ஒன்றரை யுவான் கூட இல்லை. முக்கால்வாசிப் பணம் போன் விளையாட்டுக்குப் போகிறது.

ஆனால் அந்த 449 கோடி, அதற்கு முந்தின ஆண்டைவிடப் பாதிக்கு மேல் அதிகம். யானைக்குப் பக்கத்தில் நிற்கும் ஆட்டுக்குட்டிதான். ஆனால் வளர்கிற குட்டி.

தடைகள் தீர்ந்துவிடவும் இல்லை. 2021 ஆகஸ்டில் புது உத்தரவு ஒன்று வந்தது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும், அதுவும் இரவு 8 மணி முதல் 9 மணி வரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாம். வாரத்துக்கு மூன்று மணி நேரம்! பிள்ளைகள் தாத்தா போனில் ஆடுகிறார்கள் என்று கண்டு, டென்சென்ட் கம்பெனி, இரவில் ஆடுகிறவர் முகத்தைப் போனிலேயே காட்டச் சொல்லிப் பார்க்கிற ஏற்பாட்டையும் கொண்டு வந்தது. பூட்டு பெரிதாகிக்கொண்டே போகிறது. சாவி தேடுகிற பிள்ளையும் பெரியவனாகிறான்.

கன்சோல்காரர்களுக்கும் சிக்கல் உண்டு. நின்டெண்டோவின் ஸ்விட்ச் பெட்டி 2019 டிசம்பரில் டென்சென்ட் மூலம் சீனாவுக்கு முறைப்படி வந்தது. அனுமதி பெற்ற விளையாட்டுகள் குறைவு. எல்லா விளையாட்டும் ஓடும் வெளிநாட்டுப் பெட்டியையே பலர் ரகசியமாக வாங்கினார்கள். சீனாவில் அந்தப் பெட்டியின் இணையக் கடையை 2026-ல் மூடப்போவதாக 2024 நவம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். முறைப்படி வாங்கியவர்களுக்கு ஆறுதலாகச் சில விளையாட்டுகள் இலவசம்!

விலையும் ஏறுகிறது. அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன்-5 விலையை 50 டாலர் உயர்த்தினார்கள். வழக்கமாகப் பெட்டியின் விலை ஆண்டுகள் போகப் போக இறங்கும். இந்தத் தலைமுறைப் பெட்டிகளுக்கு ஏறுகிறது. 2025 கடைசியில் "ஏ.ஐ." கம்பெனிகள் மெமரி சில்லுகளை மொத்தமாக வாங்க ஆரம்பித்ததால், கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களுக்கும் கை கடிக்கிறது. மலிவு என்று பெட்டி பக்கம் வந்தவர்கள் எத்தனை நாள் இருப்பார்கள் என்பது இனிமேல்தான் தெரியும்.

இதற்கிடையே இன்னொரு விளையாட்டும் வந்திருக்கிறது. யாங் பிங் என்ற சீன வாலிபர் பத்து ஆண்டுகளுக்கு முன் தன்னந்தனியாக அதை ஆரம்பித்தார். 2016-ல் அவர் வெளியிட்ட சிறு படத்தைப் பார்த்து உலகமே திரும்பிப் பார்த்தது. சோனி கம்பெனி கை கொடுத்தது. ஆட்கள் சேர்ந்தார்கள். "லாஸ்ட் சோல் அசைட்" என்ற பெயரில் 2025 ஆகஸ்டு 29-ந் தேதி அது பிளேஸ்டேஷன்-5 பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்தே வெளிவந்தது. அவர் அதை எழுத ஆரம்பித்தபோது, சீனாவில் பெட்டிக்குத் தடை நீங்கிய ஈரம் காயவில்லை.